விலை இறங்கிய கார், இறங்காத செலவு: மூப்படைந்த சொகுசு ஸ்போர்ட்ஸ் கார்களை உரிமையாளரே பழுதுபார்ப்பது பற்றி

புதிதாக வந்த காலத்தில் பெரும் செல்வந்தர்கள் மட்டுமே வாங்கிய ஸ்போர்ட்ஸ் கார், இருபது இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்தபின் சாதாரணக் குடும்பக் காரின் விலைக்கு வந்து நிற்பதுண்டு. ஜெர்மனி, பிரிட்டன், அமெரிக்கா போன்ற நாடுகளில் நடுத்தர வருமானக்காரர்கள் பலர் போர்ஷே, ஜாகுவார், மெர்சிடிஸ் கார்களுக்கு மூன்றாவது, நான்காவது உரிமையாளர் ஆவது இந்த வழியில்தான். சிக்கல் அதற்குப் பிறகு தொடங்குகிறது. காரின் விலைதான் இறங்கியிருக்கிறது; உதிரிபாகத்தின் விலையும் டீலர் பட்டறையின் மணிக்கூலியும் இறங்கவில்லை. அவை இன்னமும் அந்தக் காரைப் புதிதாக வாங்கியவரின் பையை மனத்தில் வைத்தே போடப்படுகின்றன. ஒரே ஒரு பெரிய பழுது காரின் சந்தை விலையையே விழுங்கிவிடலாம்.

இதற்கு உரிமையாளர்கள் கண்ட விடை, தாங்களே ஸ்பேனரைக் கையில் எடுப்பது. அது சரியா என்பதில் இரு கட்சிகள் உண்டு. இவ்வளவு நுட்பமான இயந்திரத்தைப் பயிற்சி இல்லாதவர் தொடவே கூடாது என்பது ஒன்று. எந்தக் காரும் நட்டும் போல்ட்டும்தான், பொறுமை இருந்தால் எல்லாமே முடியும் என்பது மற்றொன்று. இரண்டுமே வேலையின் கடினத்தை வைத்து வாதாடுகின்றன. ஐந்து கார்களின் அனுபவத்தை எடுத்துப் பார்த்தால், கடினத்தைவிட வேறு மூன்று கேள்விகளே முடிவைத் தீர்மானிப்பது தெரியும். பழுதான இடம் கைக்கு எட்டுகிறதா? செய்த வேலை சரியா என்று அளந்து பார்க்க முடிகிறதா? தவறு நேர்ந்தால் அது முன்கூட்டியே தன்னைக் காட்டிக்கொள்ளுமா, அல்லது நெடுஞ்சாலையில் ஒரே நொடியில் வெளிப்படுமா? போர்ஷே 928, போர்ஷே 911-இன் 996 தலைமுறை, ஜாகுவார் எக்ஸ்கே8, மெர்சிடிஸ் எஸ்எல் ஆர்129, ஃபெராரி எஃப்355 ஆகியவையே அந்த ஐந்து.

மூப்பு எங்கே தொடங்குகிறது

இந்தக் கார்களில் உலோகம் எளிதில் தேய்வதில்லை. 1989 முதல் 2001 வரை தயாரான மெர்சிடிஸ் ஆர்129-இன் வி8 இன்ஜின்கள், ஆயில் ஒழுங்காக மாற்றப்பட்டால், பல லட்சம் கிலோமீட்டர் ஓடக்கூடியவை. அதே கார்களில் 1990-களின் முற்பகுதியில் வந்தவற்றை நிறுத்திப்போட்டது இன்ஜினின் மேல் ஓடும் வயரிங்தான். அந்தக் காலத்தில் பயன்படுத்திய வயர் உறை இன்ஜின் சூட்டில் காய்ந்து, தொட்டாலே பொடியாக உதிர்ந்தது. செம்புக் கம்பிகள் ஒன்றோடொன்று உரச, இன்ஜின் திக்கித் திணறியது. இதை இன்ஜின் கோளாறு என்று நினைத்து சென்சார் சென்சாராக மாற்றிச் செலவழித்தவர்கள் உண்டு. வயரிங் தொகுப்பை மொத்தமாக மாற்றுவதே தீர்வு.

எக்ஸ்கே8-இன் கதையும் பிளாஸ்டிக்கின் கதைதான். 1996-இல் அறிமுகமான இந்தக் காரின் வி8 இன்ஜினில் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் உடல் பிளாஸ்டிக்கால் ஆனது. ஆண்டுகள் போகப்போக அதில் கீறல் விழும். உடைந்தால் செயின் தளர்ந்து பல் தாவும். வால்வுகள் பிஸ்டனில் மோதும். உலோக உடல் கொண்ட டென்ஷனர் பின்னர் வந்தது. தெர்மோஸ்டாட் கூடும் தண்ணீர் பம்பின் விசிறியும் பிளாஸ்டிக்கே. மடக்குக் கூரை கொண்ட வகையில், கண்ணாடிக்கு மேலே ஓடும் ஹைட்ராலிக் குழாய் வெடித்து ஓட்டுநர் தலையில் பச்சைத் திரவம் பொழிவது அந்தக் காரின் பெயர்போன குறும்பு.

போர்ஷே 996-இல் கூலன்ட் தொட்டி விரிசல் விடும். 928-இல் ஹீட்டர் கதவுகளை இயக்கும் வேக்குவம் குழாய்கள் கெட்டிப்பட்டு ஒடியும். பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவதால் அதன் கொதிநிலை இறங்கிக்கொண்டே வரும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது அதனால்தான். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கத்தில் அது பிறந்த வாரமும் ஆண்டும் இருக்கும். 3018 என்றால் 2018-இன் முப்பதாவது வாரம். பள்ளம் ஆழமாக இருந்தாலும் பத்து வயது டயர் ஸ்போர்ட்ஸ் காருக்கு உதவாது.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான தன்மை, அவை கிலோமீட்டரைக் கணக்கில் வைப்பதில்லை என்பது. காலமும் சூடும்தான் அவற்றைத் தின்கின்றன. அதனால் மீட்டரில் குறைந்த ஓட்டம் காட்டும், ஷெட்டிலேயே கிடந்த கார் பெரும்பாலும் நல்ல வாங்கலாக அமைவதில்லை. சீல்கள் உலர்ந்து, பெட்ரோல் குழாய்கள் வெடித்து, திரவங்கள் கெட்டு நிற்கும் கார் அது. உரிமையாளருக்கு மிகப் பொருத்தமான வேலைகளும் இந்தப் பட்டியலில்தான் இருக்கின்றன. குழாய், கிளாம்ப், பெல்ட், ஃபில்டர், திரவம் ஆகியவை கைக்கு எட்டும். சரியா தவறா என்பது கண்ணுக்குத் தெரியும். கசிந்தால் தரையில் சொட்டாக அறிவிப்பும் வந்துவிடும். மணிக்கூலி கேட்கும் பட்டறை இருபது குழாய்களையும் ஒவ்வொன்றாக வளைத்துப் பார்க்காது. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கையில் இருப்பவர் பார்ப்பார்.

பில்லில் பாதி வழிச்செலவு

பெரிய பில்களைப் பிரித்துப் பார்த்தால் பாகத்தின் விலையைவிட அந்தப் பாகத்தைச் சென்றடையும் நேரமே அதிகம். இதற்கு ஃபெராரியைவிடத் தெளிவான சான்று இல்லை. 1994-இல் வந்த எஃப்355-இல் டைமிங் பெல்ட்டை மாற்ற, இன்ஜினையும் கியர்பாக்ஸையும் பின்பக்கச் சட்டகத்தோடு சேர்த்துக் கீழே இறக்க வேண்டும். பெல்ட்டோ ரப்பர்; ஓடினாலும் ஓடாவிட்டாலும் சில ஆண்டுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டியது. அடுத்து 1999-இல் வந்த 360 மொடெனாவில் இருக்கைகளுக்குப் பின்னால் ஒரு தகட்டைக் கழற்றினால் பெல்ட் தெரிகிறது. இன்ஜின் இருந்த இடத்திலேயே இருக்கும். 2004-இல் வந்த எஃப்430 பெல்ட்டையே விட்டு செயினுக்கு மாறிவிட்டது. மூன்றும் ஒரே நிறுவனத்தின் நடு-இன்ஜின் வி8 கார்கள், ஒரே வரிசையில் வந்தவை. கடைசி இரண்டையும் வீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவருக்கு எஃப்355 வேறு உலகம். லிஃப்ட், இறக்கும் மேடை, உதவிக்கு ஆள் மூன்றும் இல்லாமல் அதைத் தொடக் கூடாது.

லிஃப்ட் சொந்தமாக இல்லாதவருக்கு ஒரு வழி உண்டு. ஜெர்மனியில் மணிக்கணக்கில் லிஃப்டையும் கருவிகளையும் வாடகைக்கு விடும் சுயஉதவிப் பட்டறைகள் இருக்கின்றன. அமெரிக்க ராணுவத் தளங்களில் படைவீரர்களுக்காகவே இத்தகைய கூடங்கள் நடக்கின்றன. தரையில் படுத்துக்கொண்டு செய்யும் வேலைக்கும் நின்றுகொண்டு செய்யும் வேலைக்கும் உள்ள வேறுபாடு வசதியோடு முடிவதில்லை. நிற்பவர் அவசரப்படுவது குறைவு.

வழிச்செலவு பற்றிய இன்னொரு பாடம், திறந்தபோதே எல்லாவற்றையும் முடிப்பது. 996-இல் கிளட்சை மாற்ற கியர்பாக்ஸை இறக்கினால், அங்கேயே இன்ஜினின் பின்பக்க ஆயில் சீலும் பெயர்பெற்ற ஐஎம்எஸ் பேரிங்கும் கண்முன் நிற்கும். மூன்றுக்கும் ஒரே பயணம். பட்டறையில் இந்தக் கூடுதல் வேலைகளுக்கு ஒவ்வொன்றாக அனுமதி கேட்பார்கள், வாடிக்கையாளர் தயங்குவார்.

ஒரு பேரிங்கின் வழக்கு

996 தலைமுறை 1997-இல் வந்தது. 911 வரிசையில் தண்ணீரால் குளிரூட்டப்பட்ட முதல் இன்ஜின் இதனுடையது. கிராங்க் ஷாஃப்டின் சுழற்சியை கேம் ஷாஃப்டுகளுக்குக் கடத்தும் இடைநிலை ஷாஃப்ட் (ஐஎம்எஸ்) ஒன்று இதில் உண்டு. அதன் ஒரு முனையைத் தாங்குவது கிரீஸ் அடைத்து மூடிய பால் பேரிங். காலப்போக்கில் மூடிய சீலைத் தாண்டி இன்ஜின் ஆயில் உள்ளே புகுந்து கிரீஸைக் கழுவிவிடுகிறது. பிறகு அங்கே நல்ல ஆயில் ஓட்டமும் கிடைப்பதில்லை. பேரிங் சிதைந்தால் செயின் இடம் மாறும், வால்வுகள் வளையும், உலோகத் துகள் ஆயிலோடு எங்கும் பரவும். இன்ஜின் முடிந்தது.

தொடக்க ஆண்டுகளில் இரட்டை வரிசைப் பந்துகள் கொண்ட பேரிங். 2000 வாக்கில் ஒற்றை வரிசைக்கு மாறினார்கள். பிறகு வந்த 2006 முதல் 2008 வரையிலான இன்ஜின்களில் பெரிய பேரிங். அமெரிக்காவில் இது குறித்து உரிமையாளர்கள் தொடுத்த கூட்டு வழக்கு 2013-இல் சமரசத்தில் முடிந்தது. 2001 முதல் 2005 வரையிலான மாடல்கள் அதன் வரம்புக்குள் வந்தன. அந்த வழக்கை ஒட்டிப் பரவலாக எடுத்தாளப்படும் கணக்கு, ஒற்றை வரிசை பேரிங்கில் நூற்றுக்கு 8 வரை பழுது, இரட்டை வரிசையில் 1 அளவு என்பது.

இந்த எண்ணை இரு விதமாகப் படிக்கலாம். நூற்றில் 92 கார்களுக்கு எதுவும் ஆகவில்லை என்பது ஒன்று. ஆனவர்களுக்கு இன்ஜினே போய்விட்டது என்பது மற்றொன்று. இந்த இடைவெளியில்தான் அச்சத்தை விற்பவர்களும் அலட்சியத்தை விற்பவர்களும் கடை விரித்தார்கள். உரிமையாளர் செய்யக்கூடியது எளிது, மலிவும்கூட. ஆயில் மாற்றும்போதெல்லாம் பழைய ஃபில்டரின் மடிப்புத்தாளை விரித்து வெளிச்சத்தில் பார்ப்பது. காந்தம் பொருத்திய வடிகால் போல்ட்டைப் போட்டு, அதில் இரும்புத் துகள் ஒட்டுகிறதா என்று கவனிப்பது. நிறுவனம் சொல்லும் நீண்ட இடைவெளிக்குக் காத்திராமல் ஆயிலைச் சீக்கிரம் மாற்றுவது. மின்னும் துகள் கண்ணில் பட்டால் காரை ஓட்டாமல் நிறுத்துவது.

பேரிங்கையே மாற்றுவது மறுபக்கம். மாற்று பேரிங்குகள் சந்தையில் உண்டு. கியர்பாக்ஸ் இறங்கியிருக்கும்போது 2005 வரையிலான இன்ஜின்களில் வெளியிலிருந்தே மாற்றலாம். 2006 முதல் வந்த பெரிய பேரிங்கை இன்ஜினைப் பிளக்காமல் எடுக்க முடியாது. மாற்றக்கூடியவற்றிலும், கேம் ஷாஃப்டுகளை உரிய கருவியால் பூட்டாமல், செயின் டென்ஷனர்களைத் தளர்த்தாமல் பேரிங்கை இழுத்தால் டைமிங் நகர்ந்துவிடும். மூன்று கேள்விகளில் முதலாவதற்கு இங்கே ஆம் என்பது பதில்; இரண்டாவதற்குக் கருவி இருந்தால் மட்டும் ஆம்; மூன்றாவதற்கு, தவறு இன்ஜினைச் சுழற்றிய கணத்திலேயே வெளிப்படும், திரும்ப வழியில்லை. அனுபவமுள்ள உரிமையாளர்கள் பலர் கிளட்ச் வேலையைத் தாங்கள் செய்துவிட்டு, இந்தப் பகுதிக்கு மட்டும் விவரம் தெரிந்த மெக்கானிக்கை அழைப்பதில் நியாயம் இருக்கிறது.

விலை உயர்ந்த வகையை வாங்கினால் தப்பலாம் என்பதும் முழு உண்மை இல்லை. 996 டர்போவிலும் ஜிடி3-யிலும் இருப்பது போர்ஷே பொறியாளர் ஹான்ஸ் மெட்ஸ்கரின் பழைய வடிவமைப்பிலிருந்து வந்த வேறு இன்ஜின். அதில் ஐஎம்எஸ் தொல்லை இல்லை. ஆனால் அதில் கூலன்ட் குழாய் இணைப்புகள் பசையால் ஒட்டப்பட்டவை, வயதானால் கழன்றுகொள்ளும். சாலையில் கூலன்ட் கொட்டி டயருக்கடியில் போகும் ஆபத்து அது.

ஒரு போல்ட்டின் மதிப்பு

உரிமையாளரின் கவனம் இன்ஜினைக் காப்பாற்றும் என்பதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு 928. 1977 முதல் 1995 வரை வந்த கார். 1978-இல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்ற பட்டம் பெற்ற ஸ்போர்ட்ஸ் கார். இன்ஜின் முன்னால், கியர்பாக்ஸ் பின்னால். நடுவே குழாய்க்குள் ஒல்லியான ஷாஃப்ட் ஒன்று ஓடுகிறது. ஆட்டோமேட்டிக் கியர் கொண்ட கார்களில் இந்த ஷாஃப்ட் காலப்போக்கில் முன்னோக்கி நகர்ந்து, இன்ஜினோடு இணைக்கும் மெல்லிய தகட்டைக் கிராங்க் ஷாஃப்டின்மேல் அழுத்தும். விடாத அழுத்தத்தில் கிராங்க் ஷாஃப்டின் பக்கவாட்டுப் பேரிங் தேய்ந்து தீர்ந்தால், அலுமினிய பிளாக்கே பாழாகும்.

தடுக்கும் முறை: கீழேயுள்ள மூடியைக் கழற்றி, இணைப்புக் கிளாம்பின் ஒரு போல்ட்டைத் தளர்த்தி, தகடு தன் நிலைக்குத் திரும்ப விட்டு, உரிய முறுக்குவிசையில் மீண்டும் இறுக்குவது. டயல் கேஜ் வைத்து கிராங்க் ஷாஃப்ட் முன்பின் எவ்வளவு அசைகிறது என்று அளந்துகொண்டால், பேரிங்கின் நிலை எண்ணாகவே கிடைத்துவிடும். சாதாரண சர்வீஸ் அட்டவணையை மட்டும் பார்ப்பவர் இதைச் செய்யப் போவதில்லை. இந்தக் கார் வைத்திருப்பவர்கள் தங்களுக்குள் கைமாற்றிய அறிவு இது.

டைமிங் பெல்ட்டிலும் அளவீடே எல்லாம். 32 வால்வு 928-இல் பெல்ட் அறுந்தால் வால்வுகள் வளையும். அதே பெல்ட்தான் தண்ணீர் பம்பையும் சுழற்றுகிறது. பம்பின் பேரிங் இறுகினால் பெல்ட்டும் போகும். ஆகவே பெல்ட்டோடு பம்பையும் உருளைகளையும் சேர்த்து மாற்றுவதே வழக்கம். கடைசியில் பெல்ட்டின் இறுக்கத்தை அதற்கென்ற கருவியால் அளக்க வேண்டும். விரலால் அழுத்திப் பார்த்து முடிவுசெய்வது வேறு கார்களில் நடக்கலாம், இங்கே நடக்காது.

கணினியிடம் கேட்பது, புத்தகத்தைத் திறப்பது

நோயறிதல் பெரிய தடையாக இருந்தது ஒரு காலத்தில். அமெரிக்காவில் 1996 மாடல் ஆண்டு முதல் ஓபிடி-2 என்ற பொது நோயறிதல் முறை கட்டாயமானதால், அதற்குப் பிந்தைய கார்களில் மலிவான ஸ்கேனரே இன்ஜின் குறியீடுகளைப் படித்துவிடும். ஆனால் ஏபிஎஸ், ஏர்பேக், மடக்குக் கூரை ஆகியவற்றின் கணினிகள் அந்தப் பொது மொழியில் பேசுவதில்லை. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனிக் கருவி வேண்டும். போர்ஷேவுக்கு வெளியார் செய்த மென்பொருள்கள் கிடைக்கின்றன. குறியீடு காட்டும் பாகத்தை உடனே மாற்றுவது புதியவர்களின் வழக்கமான இழப்பு. சென்சாரிலிருந்து சரியான செய்தி வரவில்லை என்பதைத்தான் குறியீடு சொல்கிறது. உடைந்த வயரோ, பச்சைபிடித்த எர்த் இணைப்போ, காற்றுக் கசிவோ காரணமாக இருக்கலாம். மல்டிமீட்டரும் வேக்குவம் குழாய்களில் புகை செலுத்திப் பார்க்கும் முறையும் பல சென்சார்களின் விலையை மிச்சப்படுத்தும்.

பழுதுபார்ப்புக் கையேட்டின் வரலாற்றில் நமக்கு ஒரு சிறு தொடர்பு உண்டு. 1938-இல் இலங்கையில் தேயிலைத் தோட்டச் சூழலில் பிறந்தவர் ஜான் ஹேன்ஸ். பிரிட்டிஷ் விமானப்படையில் ஏடனில் பணியாற்றியபோது நண்பரின் ஆஸ்டின்-ஹீலி ஸ்பிரைட் காரைக் கழற்றிப் பூட்டிய அவர், ஒவ்வொரு படியையும் படம்பிடித்து, 1966-இல் தன் முதல் கையேட்டை வெளியிட்டார். முழுக் காரையும் உண்மையிலேயே பிரித்து மீண்டும் பூட்டி எழுதுவது என்ற அந்த முறைதான் வீட்டு மெக்கானிக்கைப் பெருக்கியது. 2020-இல் அந்த நிறுவனம் அச்சில் புதிய கார்க் கையேடுகள் வெளியிடுவதை நிறுத்தியது. அந்த வரிசை சாதாரணக் கார்களையே பெரிதும் கவனித்தது. சொகுசு ஸ்போர்ட்ஸ் காருக்கு நிறுவனத்தின் சொந்தப் பட்டறைக் கையேட்டைத் தேடி வாங்குவதே முதல் கருவி. முறுக்குவிசை எண்களும் ஒருமுறை மட்டுமே பயன்படுத்த வேண்டிய போல்ட்டுகளின் பட்டியலும் அதில்தான் உறுதியாகக் கிடைக்கும்.

உதிரிபாகம்: முத்திரைக்குக் கொடுக்கும் விலை

போர்ஷேயோ ஜாகுவாரோ எல்லாப் பாகங்களையும் தானே செய்வதில்லை. பாஷ், இசட்எஃப், சாக்ஸ், பேர் போன்ற நிறுவனங்கள் செய்து தருகின்றன. அதே தொழிற்சாலையின் பாகம் கார் நிறுவனத்தின் பெட்டியில் ஒரு விலைக்கும் செய்தவரின் பெட்டியில் குறைந்த விலைக்கும் கிடைப்பது சகஜம். யார் செய்தது என்று தெரிந்துகொள்வதே சேமிப்பு. அதைவிட மலிவான பெயர் தெரியாப் பாகங்களைக் கதவுக் கைப்பிடிக்குப் போடலாம். டென்ஷனருக்கும் பிரேக்குக்கும் போடக் கூடாது.

எக்ஸ்கே8-இன் கியர்பாக்ஸ் இதில் இன்னொரு பாடம் சொல்கிறது. அதற்கு ஆயில் மாற்றவே வேண்டாம், வாழ்நாள் முழுவதற்கும் போதும் என்று ஜாகுவார் சொன்னது. கியர்பாக்ஸைச் செய்த இசட்எஃப் நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றப் பரிந்துரைக்கிறது. கார் நிறுவனம் நினைத்த வாழ்நாளும் மூன்றாவது உரிமையாளர் நினைக்கும் வாழ்நாளும் ஒன்றாக இருப்பதில்லை.

கிடைக்காத பாகங்களுக்குப் புதிய வழிகளும் பிறந்திருக்கின்றன. மொத்தம் 292 மட்டுமே செய்யப்பட்ட போர்ஷே 959-க்கான கிளட்ச் நெம்புகோலை, 2018-இல் போர்ஷேயின் பழைய கார்ப் பிரிவு உலோக முப்பரிமாண அச்சில் செய்துகாட்டியது. ஜெர்மனியில் 30 ஆண்டு கடந்த, மூல வடிவம் காக்கப்பட்ட கார்களுக்கு எச் எழுத்துப் பதிவெண்ணும் வரிச் சலுகையும் உண்டு. 928-களும் தொடக்கக்கால ஆர்129-களும் அந்த வயதைக் கடந்துவிட்டதால், கண்டதைப் பொருத்திக் காரை மாற்றிவிடாமல் இருப்பதற்கு இப்போது பணரீதியான காரணமும் சேர்ந்திருக்கிறது.

கை வைக்கக் கூடாதவை

ஏர்பேக்கும் சீட் பெல்ட்டை இழுத்திறுக்கும் கருவியும் வெடிபொருள் கொண்டவை. ஜெர்மனியில் அவற்றைக் கையாளத் தனிச் சான்று தேவை. ஆர்129-இல் கார் கவிழும்போது இருக்கைகளுக்குப் பின்னால் நொடியில் மூன்றில் ஒரு பங்குக்குள் எழும் பாதுகாப்புக் கம்பி உண்டு. அதன் பாதையில் தலையை வைத்து வேலை பார்ப்பது முட்டாள்தனம். பழைய ஏசி-களின் ஆர்12 வாயுவைக் காற்றில் விடுவது அமெரிக்காவில் 1992 முதலே குற்றம். அதை வாங்கிக்கொள்ளும் கருவி உள்ள இடத்துக்குத்தான் போக வேண்டும். சுருள் ஸ்பிரிங்கை மலிவான கருவியால் நெருக்குவது இன்னொரு ஆபத்து. பெட்ரோல் குழாய்களை மாற்றலாம், ஆனால் அழுத்தத்தை வெளியேற்றி, பேட்டரியைக் கழற்றி, காற்றோட்டமான இடத்தில். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கடியில் போகவே கூடாது. ஸ்டாண்ட் வைத்தபின் ஒருமுறை காரை ஆட்டிப் பார்ப்பதும் வேலையில் சேர்ந்ததே.

பிரேக் இந்தப் பட்டியலின் விளிம்பில் நிற்கிறது. பேட் மாற்றுவது எளிது, அதனால்தான் பலர் துணிகிறார்கள். ஆனால் தவறு வெளிப்படும் இடம் மோசமானது. ஜெர்மனியில் இரண்டு ஆண்டுக்கொருமுறை நடக்கும் கட்டாயச் சோதனையும் பிரிட்டனின் ஆண்டுச் சோதனையும் உரிமையாளரின் வேலையை வெளியார் ஒருவர் பார்த்துச் சொல்லும் வாய்ப்புகள். நாள் வரும்வரை காத்திராமல், பிரேக் வேலை முடிந்ததும் தானாகவே ஒரு மெக்கானிக்கிடம் காட்டிவிடுவதில் இழுக்கு ஒன்றுமில்லை.

கணக்கு எப்படி முடிகிறது

உரிமையாளரே செய்தால் எப்போதும் லாபம் என்று சொல்ல முடியாது. முதல் ஆண்டில் கருவிகளின் செலவு கூலியில் மிச்சமானதைத் தின்றுவிடலாம். விற்கும்போது, டீலர் முத்திரை இல்லாத சர்வீஸ் புத்தகத்தை வாங்குபவர் சந்தேகத்தோடு பார்ப்பார். அதற்கு மாற்று, பாகங்களின் ரசீது, தேதி, கிலோமீட்டர், முன்னும் பின்னும் எடுத்த படங்கள் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைப்பது. வெறும் முத்திரையைவிட அது கூடுதலாகச் சொல்லும்.

லாபம் உண்மையில் கிடைக்கும் இடம் கூலி மிச்சத்தைக் காட்டிலும் நேரமறிந்து தலையிடுவதில் இருக்கிறது. மேலே பார்த்த பெருஞ்சேதங்களில் பெரும்பாலானவற்றுக்கு மலிவான முன்னறிகுறி ஒன்று இருந்தது: ஃபில்டரில் மின்னும் துகள், டென்ஷனரில் கீறல், டயல் கேஜின் எண், உதிரும் வயர் உறை. ஆண்டுக்கு ஒருமுறை காரைக் காணும் பட்டறை அதைத் தவறவிடும் வாய்ப்பு அதிகம். தன் காரைத் தவிர வேறெதையும் பார்க்காத ஒருவருக்கு அது கண்ணில் படும். ஆகவே, பார்ப்பதும் அளப்பதும் முழுமையாக உரிமையாளரின் வேலை. மாற்றுவதில் மூன்று கேள்விகளுக்கும் நல்ல பதில் வரும் வேலைகள் அவருடையவை. மற்றவற்றுக்கு, என்ன பழுது என்று தெரிந்துகொண்டு மெக்கானிக்கிடம் போவதே அவர் செய்யக்கூடிய மிகப் பெரிய பராமரிப்பு.

இந்த ஐந்து கார்களும் ஒரு குறிப்பிட்ட காலத்தின் பிள்ளைகள். அவற்றில் கணினி உண்டு, ஆனால் ஒரு பாகத்தை மாற்ற நிறுவனத்தின் சர்வரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2012-இல் பழுதுபார்க்கும் உரிமையைச் சட்டமாக்கி, 2020-இல் வாக்கெடுப்பின் மூலம் அதைக் கம்பியில்லாமல் அனுப்பப்படும் வாகனத் தரவுக்கும் விரித்தது, வரப்போகும் கார்களை எண்ணித்தான். இன்று புதிதாக விற்கும் சொகுசுக் காரும் ஒருநாள் விலை இறங்கி ஒரு சாதாரண மனிதரின் வாசலுக்கு வரும். அன்று அதன் ஃபில்டரைத் திறக்க அவருக்குத் தடையிருக்காது. அதன் மென்பொருளைத் திறக்க முடியுமா என்பதை இப்போது எழுதப்படும் சட்டங்களே முடிவுசெய்யும்.